தொட்டி விலைக்கு ஒரு படகு

எங்கள் குடிசைகளில் அதுவரை யாருக்கும் படகு கிடையாது. ஏரிக்குள் இறங்கித்தான் பிழைத்தோம். அதன் மேலே ஏறிப் போகலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

விடிந்ததும் பனையோலையில் முடைந்த பறிக்கூடையை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டு ஏரியில் இறங்குவோம். தண்ணீருக்குள் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் சேற்றில் விரித்துத் தடவியபடியே நகர வேண்டும். விரலுக்கடியில் இறால் துள்ளும். அமுக்கிப் பிடித்து, கழுத்துக்குக் கீழே மிதக்கும் பறிக்குள் போட வேண்டும். பறிக்கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பதால் பேச முடியாது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரும் நானும் நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தும் ஒரு வார்த்தை பேசாமல் கரையேறியிருக்கிறோம்.

எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு அவருடைய அக்கா இருந்தாள். புருஷன் போனபிறகு தம்பியோடு வந்து தங்கிவிட்டவள். எனக்கு நாத்தனார் முறை, ஆனால் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் மட்டும் பறியைப் பல்லில் கடிக்கமாட்டாள். இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டே தடவுவாள். சாயங்காலம் பார்த்தால் அவள் பறியில்தான் இறால் அதிகமாக இருக்கும்.

அந்த வருஷம் ஏரிக்கரையில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குக் கப்பல்கள் நிறைய வந்தன. கடலில் நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களுக்கெல்லாம் சேர்த்துக் கோட்டைச் சமையல்காரன் துறையில் வந்து நின்று இறாலும் நண்டும் வாங்கினான். அரிசி வாங்கியது போகக் கையில் கொஞ்சம் துட்டு மிஞ்சியது எங்களுக்கு அதுதான் முதல் தடவை. ஒரு பானையில் போட்டு அடுப்புக்குப் பின்னால் புதைத்து வைத்தோம்.

ஆனால் அந்தச் சமையல்காரனுக்கு உயிரோடு துள்ளுகிற இறால்தான் வேண்டும். பெரிய இறால் கிடப்பதோ வடக்கே, தீவுகளுக்கு அப்பால். அங்கே போய்த் தடவிவிட்டு வெயிலில் நடந்து வருவதற்குள் பாதி செத்துப்போகும். அவன் பறிக்குள் எட்டிப் பார்த்து மூக்கைச் சுளிப்பான். ஒரு நாள் பறியையே கவிழ்த்துத் தள்ளிவிட்டான். சிதறியதைப் பொறுக்கிக்கொண்டே அக்கா சொன்னாள்:

"படகு வாங்கணும்டா தம்பி."

"நாமளா?" என்றார் இவர்.

"பின்ன, பானையில இருக்கிறதுல எனக்கு இன்னா நகையா செய்யப் போற? நகை வாங்கினா அது கழுத்துல தொங்கும். படகு வாங்கினா நாம அதைப் பிடிச்சித் தொங்கலாம்."

அப்படித்தான் முடிவானது.

தை பிறந்த சில நாளில் துறையில் ஒரு படகு ஏலத்துக்கு வருகிறது என்று சேதி வந்தது. முகத்துவாரத்து மணல்மேட்டில் தட்டி உடைந்த ஒரு கப்பலின் சின்னப் படகு அது. மூன்று பேரும் போனோம். தூரத்திலிருந்தே தெரிந்தது. நீல வண்ணம், விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு, மூக்கில் பித்தளை வளையம். இவர் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு கிட்டே போய்ப் புறங்கையால் பலகையைத் தடவினார். ஒரு சுற்று சுற்றி வந்தார். மறுபடி தடவினார்.

ஒல்லாந்தருக்காகத் தமிழில் பேசும் துபாசி தொடக்க விலையைச் சொன்னதும் நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பானையில் இருந்தது அதற்குப் போதும். சுற்றி நின்றவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. இவர் கையைத் தூக்கப்போனார். நான் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

"இருய்யா. ஏறிப் பாத்துட்டு சொல்றேன்."

"இன்னாத்துக்கு ஏறணும்? பாத்தாலே தெரியல?"

"நீ கரையில நின்னு பாக்குற. நான் தண்ணியிலேருந்து ஏறணும்."

வலைக்காரர்கள் காலையில் படகில் ஏறினால் வீடு வந்துதான் இறங்குவார்கள். நாங்கள் அப்படி இல்லை. இறங்கித் தடவ வேண்டும், பறி நிறைந்ததும் ஏறிக் கொட்ட வேண்டும், மறுபடி இறங்க வேண்டும். நனைந்த சேலையோடும் கனக்கிற பறியோடும் நெஞ்சளவுத் தண்ணீரிலிருந்து ஏற முடியாத படகு எனக்கு எதற்கு?

துறையில் இறங்கினேன். படகின் விளிம்பு என் தலைக்கு மேலே இருந்தது. எம்பிப் பிடித்துத் தொங்கினேன். கால் வழுக்கியது, பொத்தென்று விழுந்தேன். மறுபடி எம்பினேன், மறுபடி விழுந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒல்லாந்தர் சிப்பாய்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் விடவில்லை. ஒரு காலை எப்படியோ விளிம்பில் போட்டேன். அந்த நிலையில் மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. செம்பட்டைத் தாடிவைத்த ஒரு சிப்பாய் பாவப்பட்டு என்னைத் தூக்கிவிடத் தண்ணீரில் இறங்கினான்.

"தொட்டே, கையி இருக்காது!" என்று அக்கா கத்தினாள்.

அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நன்றாகப் புரிந்துகொண்டு இரண்டு கையையும் மேலே தூக்கியபடி பின்னாலேயே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டான். நான் கடைசித் தடவையாக விழுந்தேன். அதற்குள் கடல் உள்வாங்கி, துறையிலும் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. படகின் அடியில் நீளமாக இறங்கியிருந்த கட்டை சேற்றில் பட்டு, படகு மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"நின்ன எடத்துலயே படுத்துக்கிச்சி பாரு," என்றாள் அக்கா. "நம்ம ஏரியில பாதி எடத்துல இடுப்பளவு தண்ணிதான். இதை வாங்கினா நாமதான் தூக்கினு போகணும்."

இவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவில்லை. மறுநாள் தண்ணீரிலும் பேசவில்லை, ஆனால் அது பறிக்கயிற்றால். அந்த நீலப் படகை ஒரு தரகர் வாங்கிக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டபோது, நிச்சயமான பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

அடுத்ததாகப் பசியாவரம் போனோம். எதிரே தெரிகிற தீவு, நீந்தியும் நடந்துமே போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு பெரியவர் பனைமரத் தோணி ஒன்றை விற்பதாகச் சொன்னார்கள். இரண்டு பனைமரத்தைக் குடைந்து, பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டியது. அதற்குச் சொந்தக்காரர் தோணியிலேயே உட்கார்ந்து சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தார்.

"தடவுறவங்களுக்குத் தோணி எதுக்கும்மா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார்.

"தடவி அலுத்துப்போச்சி. கொஞ்சம் மெதக்கலாம்னு," என்றாள் அக்கா.

நான் தண்ணீரிலிருந்து ஏறினேன். விளிம்பு தாழ்வாக இருந்ததால் ஒரே எம்பில் உள்ளே போய்விட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை. "அக்கா, வா! நீயும் வாய்யா!" என்று கூப்பிட்டேன். தோணியில் ஒவ்வொருவராக, இரண்டு பக்கமும் பாரம் சமமாக இருக்கும்படி ஏற வேண்டும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரும் நான் ஏறிய பக்கமாகவே, ஒரே நேரத்தில் எம்பி ஏறினார்கள். சேர்த்துக் கட்டிய கயிறு அறுந்தது. தோணி புரண்டது. நாங்கள் மூன்று பேரும், சொந்தக்காரரும், அவர் சுருட்டும் தண்ணீருக்குள் போனோம்.

அவர் எழுந்து, அணைந்த சுருட்டை வாயிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். "போங்க," என்றார். "எவ்ளோ குடுத்தாலும் உங்களுக்குத் தோணி கெடையாது. போங்க."

திரும்பி வரும்போது பாதித் தண்ணீரில் இவர் திடீரென்று நின்றார். என்னவோ ஏதோ என்று பார்த்தால், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "அந்தச் சுருட்டு..." என்று ஆரம்பித்தார், மேலே சொல்ல முடியவில்லை. நீலப் படகு போனபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மூன்று பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அப்புறம் கொஞ்ச நாள் படகே கிடைக்கவில்லை. நல்ல படகெல்லாம் எங்கள் பானைக்கு எட்டாத விலை. எங்களுக்கு எட்டிய விலைக்குக் கிடைத்ததில் கையை வைத்தால் பலகைக்குள் விரல் போயிற்று. அப்போதுதான் கோட்டைச் சுவர் வேலைக்குச் சுண்ணாம்பு ஏற்றிவந்த ஒரு படகோட்டி அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னான்: "சுண்ணாம்புக்குளத்துல எங்க சூளைக்காரர் கிட்ட பழைய படகு ஒண்ணு கெடக்கு. ஓடுமான்னு தெரியாது."

"தெரியாதுன்னா நாம போய்த் தெரிஞ்சிக்கலாம்," என்று அக்கா பானையைத் தோண்டி எடுத்து, துட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு ஏரிக்கரையோரமாகவே வடக்கே நடந்தோம்.

சூளை தூரத்திலேயே தெரிந்தது. ஏரியில் வாரிய கிளிஞ்சல் குன்று குன்றாகக் குவிந்திருந்தது. புகை, சூடு, எங்கே பார்த்தாலும் வெள்ளை. சூளைக்காரருக்குத் தலைமுடி, புருவம், கண்ணிமை எல்லாமே வெளுத்திருந்தன. வயசாலா சுண்ணாம்பாலா என்று சொல்ல முடியாது. அவருடைய பெண்கள் அவரை நைனா என்று கூப்பிட்டதைக் கேட்டு அக்காவும் அப்படியே கூப்பிட்டாள்.

"படகு விக்கிறதுக்கு இருக்குன்னு சொன்னாங்க நைனா."

"படகா? எங்கிட்ட இன்னா படகு இருக்கு?"

"அதோ, அது இன்னா?"

ஒரு பந்தலுக்கடியில், பாதி மணலில் புதைந்து, மழுங்கிய மூக்கோடு அகலமாக ஒன்று கிடந்தது. உள்ளே விளிம்புவரை ஊறவைத்த சுண்ணாம்பு, கட்டித்தயிர் போல.

"அது தொட்டிம்மா," என்றார். "ஒரு காலத்துல படகா இருந்துது. கிளிஞ்சல் ஏத்தினு வருவேன். பெரிய படகு வந்தப்புறம் சுண்ணாம்பு ஊற வைக்கப் போட்டுட்டேன். இப்ப அது தொட்டி."

"அப்ப தொட்டி விலைதானே?"

அவர் சிரித்தார், புருவத்திலிருந்து தூள் உதிர்ந்தது. "தொட்டி விலைக்கே தரேன். ஆனா ஒண்ணு. இதைத் தண்ணியில வுட்டு, முழுகிப்போனா, உங்க பாவத்தை நான் சொமக்க மாட்டேன். அதனால விக்கவே மனசில்ல."

"எத்தினி காலமா இதுல சுண்ணாம்பு ஊறுது?"

"எம் பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாலேருந்து."

"ஒரு சொட்டாவது ஒழுகி வெளிய போச்சா?"

"இல்ல. ஒழுகினா நான் வெச்சிருப்பேனா?"

"வெளிய போகாத தண்ணி உள்ள மட்டும் எப்டி நைனா வரும்?"

சூளைக்காரர் தொட்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். அவருடைய பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கிட்டே வந்து நின்றார்கள். கடைசியில், "சரி, காலி பண்ணிட்டுப் பாப்போம். உள்ள இருக்கிற சுண்ணாம்பை நீங்கதான் வாரிக் குழியில போடணும்," என்றார்.

அன்று முழுக்கக் கொட்டாங்குச்சியால் வாரினோம். கை எரியக்கூடாது என்று அவர் தேங்காயெண்ணெய் கொடுத்தார். அப்படியும் எரிந்தது. அவருடைய பெண்களும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கூட வாரினார்கள். அக்கா எல்லோருக்கும் பசியாவரத்துச் சுருட்டுக் கதையைச் சொன்னாள். சொல்லும்போது எழுந்து நின்று, சொந்தக்காரர் மாதிரியே வாயிலிருந்து சுருட்டை எடுத்துப் பார்த்துக் காட்டினாள். சிரித்ததில் வேலை நின்றுபோய், சூளைக்காரர் இரண்டு தடவை வந்து அதட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை அவரும் உட்கார்ந்து கேட்டார்.

காலியானதும் எல்லோரும் சேர்ந்து மணலிலிருந்து பெயர்த்துக் கவிழ்த்தோம். அடிப்பக்கம் தட்டையாக இருந்தது. துருத்திக்கொண்டு எந்தக் கட்டையும் இல்லை. சூளைக்காரர் ஒரு பெரிய கிளிஞ்சலை எடுத்துப் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று சத்தம் வந்தது. அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அட, செல்லு கிட்டயே வரல போலருக்கே. சுண்ணாம்பு தின்ன கட்டைன்னு பூச்சி பயந்துடுச்சி," என்றார். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மொத்தென்று வந்தது. வேறு ஆளாக இருந்தால் விலையைக் கூட்டலாமே என்று நினைக்கிற நேரத்தில், அவராகவே கத்தியை எடுத்து அந்த இடத்தைச் சுரண்டிக் காட்டினார். அவித்த கிழங்கு மாதிரி உதிர்ந்தது. "இதை இப்டியே குடுக்க மாட்டேன்," என்று சொல்லிப் புன்னைப் பலகையில் ஒரு துண்டு வெட்டினார்.

ஒட்டுப்போடும் வேலையில்தான் என் வீட்டுக்காரர் அந்தப் படகிடம் முதல்முதலாக மனசோடு போனார். அதுவரை ஓரமாக நின்று, கடமைக்கு வாரிக்கொண்டிருந்தவர் அவர். தேங்காய் நாரைத் திரித்து இடுக்கில் செருகினார். சுண்ணாம்பையும் எண்ணெயையும் பிசைந்து அதன்மேல் அப்பி, கட்டை விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். சூளைக்காரர் போதும் என்று சொன்னபிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "ஒழுகக்கூடாதில்ல," என்றார் வெட்கத்தோடு.

சூளையிலேயே படுத்துக் காலையில் படகைத் தண்ணீரில் தள்ளினோம். சூளை ஆட்கள் அத்தனை பேரும் கரையில் நின்றார்கள். படகு ஒரு ஆட்டம் ஆடி, எருமை மாதிரி அகலமாக நின்றது. உள்ளே தண்ணீர் வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நெஞ்சளவுத் தண்ணீருக்கு நடந்துபோனேன். விளிம்பில் கை வைத்தேன், எம்பினேன். வயிறு பலகையில் பட்டது, கால் தானாக மேலே வந்தது, உள்ளே உருண்டேன். படகு கொஞ்சம் சாய்ந்து, மறுபடி நேராக நின்றுகொண்டது. நம்ப முடியாமல் இறங்கி மறுபடி ஏறினேன். அப்புறம் ஆசைக்காக இன்னொரு தடவை.

"போதும்மே, அது தேஞ்சிடப் போவுது!" என்று இவர் கரையிலிருந்து கத்தினார்.

அக்கா முந்தானையை அவிழ்த்தாள். சூளைக்காரர் தொட்டி விலைதான் வாங்கிக்கொண்டார், ஒரு மூங்கில் கோலும் சும்மா கொடுத்தார். விடைபெற்று மூன்று பேரும் ஏறினோம். இவர் கோலை ஊன்றித் தள்ளினார். படகு இடது பக்கம் சுற்றியது. மறுபக்கம் ஊன்றினார், வலது பக்கம் சுற்றியது. பலமாக ஊன்றினார், கோல் சேற்றில் மாட்டிக்கொண்டது, படகு நகர்ந்துவிட்டது, இவர் கோலைப் பிடித்துக்கொண்டு கோலிலேயே தொங்கினார். நான் வாங்கிப் பார்த்தேன். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம். பிறந்ததிலிருந்து ஏரியிலேயே கிடந்தவர்கள் நாங்கள். படகு தள்ளத் தெரியாது என்பது, படகு வாங்கியபிறகுதான் மூன்று பேருக்கும் உறைத்தது.

கரையில் சூளைக்காரர் உட்கார்ந்தேவிட்டார். சிரித்துச் சிரித்து வழிந்த கண்ணீர் சுண்ணாம்புக் கன்னத்தில் கோடு போட்டது. "ஓட்டத் தெரியாமலாம்மா வாங்க வந்தீங்க?"

"நடக்கத் தெரியும் நைனா!" என்று பதில் சொல்லிவிட்டு, அக்கா எங்கள் இரண்டு பேரையும் தண்ணீரில் இறங்கச் சொன்னாள்.

அப்படியே படகை நடத்திக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டோம். நான் முன்னால் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். இவர் பின்னால் நெஞ்சை வைத்துத் தள்ளினார். ஆழமான இடத்தில் இரண்டு பேரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தோம். அக்கா நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "யாராச்சும் ஒருத்தர் உக்காந்து பாத்தாதான் படகு எப்டின்னு தெரியும்," என்று காரணம் சொன்னாள்.

வழியில் காலுக்கடியில் இறால் துள்ளியது. பழக்கதோஷத்தில் குனிந்து பிடித்தேன். பறி இல்லை. படகுக்குள் எறிந்தேன். இவரும் எறிந்தார். அக்கா படகின் அடியில் கொஞ்சம் தண்ணீரை மொண்டு ஊற்றினாள், இறால்கள் உயிரோடு நீந்த ஆரம்பித்தன. அதைப் பார்த்ததும் எங்களுக்கு வெறி பிடித்துவிட்டது. குனிவதும் எறிவதுமாகப் போனோம். இவர் ஒரு பெரிய நண்டையும் எறிந்தார். அது நேராகப் போய் அக்காவின் கால் பெருவிரலைக் கவ்வியது. அவள் போட்ட கூச்சலில் படகு ஆடிய ஆட்டத்துக்கும் அது கவிழவில்லை. அப்போதே எனக்குப் படகின்மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது.

உச்சிப்பொழுதுக்குமேல் வடக்கேயிருந்து வாடைக்காற்று எழுந்தது. கால் ஓய்ந்துபோய் நின்றோம். அக்கா ஒரு யோசனை பண்ணினாள். நெசவாளர்கள் கழித்துப்போட்ட கட்டம்போட்ட துணி ஒன்று அவளிடம் இருந்தது, சும்மாடுக்கும் போர்வைக்கும் அதுதான். எழுந்து நின்று, அதன் மேல்முனைகளைக் கைகளில் சுற்றி, கீழ்முனைகளை மிதித்துக்கொண்டு, கையை அகல விரித்தாள்.

துணி பொம்மென்று புடைத்தது. படகு நகர்ந்தது. அப்புறம் வேகம் பிடித்தது. என் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, படகு அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

"அக்கா! துணியை வுடு!"

"எப்டிறா நிறுத்துறது?"

"கையை மடக்கு!"

அவள் மடக்கவில்லை. கேட்கவில்லை என்று பின்னால் சாதித்தாள். எனக்குத் தெரியும், அவளுக்கு மடக்க மனசு வரவில்லை. நாங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடினோம், விழுந்தோம், எழுந்து ஓடினோம். எதிரே ஒரு மேட்டில் பூநாரைகள் கூட்டமாகத் தலையைத் தண்ணீரில் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. படகு நேராக அவற்றுக்குள் போயிற்று. அத்தனை பறவைகளும் ஒரேயடியாக எழும்பின. அக்காவின் தலைக்கு மேலே வானமே இளஞ்சிவப்பாக விரிந்து, சிறகுச் சத்தத்தில் அவள் போட்ட கூச்சல் அமுங்கிப்போனது. படகு சேற்றுமேட்டில் ஏறி மெத்தென்று நின்றது.

நாங்கள் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது அவள் துணியோடு படகின் அடியில் மல்லாந்து கிடந்தாள். தலைமுடியில் இறால். அடிபட்டுவிட்டதோ என்று பதறி எட்டிப் பார்த்தேன். "இன்னொரு வாட்டி போலாம்டி," என்றாள்.

இவர் படகின் பக்கவாட்டில் படபடவென்று தட்டினார். "ஓடுதுமே! எங்க அக்காவையே தூக்கினு ஓடுது!"

"அந்த நீலப் படகு இப்டி ஓடுமா?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"எந்த நீலப் படகு?" என்றார்.

மேட்டிலிருந்து தள்ளி இறக்கியபிறகு மூன்று பேரும் ஏறினோம். அக்காவும் நானும் துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். இவர் கோலைப் பின்னால் தண்ணீரில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்தால் படகு சொன்ன பக்கம் திரும்புகிறது என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். முழுக்க நேராகப் போகவில்லை. ஆனால் தெற்கே போனோம். யாரும் தண்ணீரில் இல்லை, யார் வாயிலும் கயிறு இல்லை. இவர் பேச ஆரம்பித்தார். சின்ன வயதில் ஒரு ஆமையின்மேல் உட்கார்ந்து போகப் பார்த்தது, என்னைப் பெண்பார்க்க வந்த அன்று என் முகத்தைப் பார்க்காமல் என் பறியில் எவ்வளவு இறால் என்று பார்த்தது, எல்லாம் சொன்னார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு பேசத் தெரியுமா என்று நான் துணியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே வந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் துறைக்கு வந்தோம். கோட்டைச் சமையல்காரன் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தான். அக்கா கைதட்டிக் கூப்பிட்டாள். அவன் பழக்கப்படி மூக்கைச் சுளித்துக்கொண்டே குனிந்தான். ஒரு இறால் துள்ளி அவன் சட்டைக்குள் போயிற்று. துள்ளிக் குதித்து அதை எடுத்தபின், மறு பேச்சில்லாமல் கூடையை நீட்டினான். அவன் கூடை நிறைந்தும் படகில் மீதி இருந்தது.

அந்த மீதியைச் சுட்டுத் தின்ன எங்கள் குடிசைகள் முழுவதும் கரைக்கு வந்தன. ஆனால் தின்பதைவிட எல்லோருக்கும் ஏறிப் பார்ப்பதுதான் வேண்டியிருந்தது. தண்ணீரில் இறங்கி வரிசையாக நின்று, ஒருவர்பின் ஒருவராக எம்பி ஏறி, மறுபக்கம் குதித்தார்கள். நடக்கவே முடியாத ஒரு கிழவரைக்கூட நாலு பேர் தூக்கிக்கொண்டுவந்து உள்ளே உட்காரவைத்தார்கள். அவர் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கோல் ஊன்ற நாங்கள் கற்றுக்கொள்ள அடுத்த மழைக்காலம் ஆயிற்று. எங்கள் மூன்று பேரில் அக்காதான் நன்றாகத் தள்ளினாள். காற்று எப்போது எழும் என்று அவளுக்கு முதலில் தெரியும். அந்தப் படகில் பல வருஷம் வடக்குத் தீவுகளுக்கு அப்பால் போய்த் தடவினோம். அதைப் பார்த்து எங்கள் குடிசைகளில் இன்னும் இரண்டு மூன்று பேர் படகு வாங்கினார்கள். வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கி, விளிம்பில் கை வைப்பேன்.